இரசாயனப் பரீட்சையும் அதன் மறுநாளும்

கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் இரண்டாம் தாள் முடிவுற்று மாணாக்கர் மண்டபத்தினின்றும் வெளிவரும் வேளையில், இலங்கையின் எக்கல்லூரி வாயிலிலும் ஒரே பேச்சுத்தான் கேட்கும். "உனக்கு எவ்வளவு வந்தது?" என்று ஒருவன் வினவுவான். மற்றவன் ஓர் எண்ணைச் சொல்வான். கேட்டவன் முகம் வாடும்; அன்றேல் சொன்னவன் முகம் வாடும். இருவர் விடையும் ஒத்துவிட்டாலோ, மூன்றாமவன் ஒருவன் வந்து வேறோர் எண்ணைச் சொல்லி இருவரையும் வாட்டுவான். பேருந்து வரும்வரை இது நீளும், பேருந்திலும் நீளும். இரத்தினபுரிப் பக்கத்தில் பலாங்கொடைக்கும் இறக்குவானைக்கும், கேகாலைப் பக்கத்தில் எட்டியாந்தோட்டைக்கும் தெரணியகலைக்கும் செல்லும் பிள்ளைகள் வீடு சேர்வதற்குள் தத்தம் பெறுபேற்றைத் தாமே எழுதி முடித்துவிடுவர்.

நாம் தமிழாசிரியர், அமிலமும் காரமும் நம் துறையல்ல. எனினும், இரசாயனத் தாள் எழுதிய மாலையில் விஞ்ஞான ஆசிரியரை அணுக அஞ்சிய மாணாக்கர் தமிழாசிரியரிடம் வந்து அழுவது உண்டு. இவர் விடையைத் திருத்தமாட்டார் என்னும் நம்பிக்கை போலும்! அவ்வழுகையைப் பல்லாண்டு கேட்டதன் பயனாக, பரீட்சையின் புள்ளிக் கணக்கு எவ்வாறு இயங்குகின்றது என்பதை வினவியும் வாசித்தும் அறிந்தோம். அறிந்தவற்றை மாணவர்க்கும், அவர்தம் பெற்றோர்க்கு எடுத்துரைக்க வல்ல பழைய மாணவர்க்கும் இம்மலர் வாயிலாக விளக்க முற்படுகின்றோம்.

இது வெறும் அறிவு விளக்கத்துக்காக மட்டும் எழுதப்படுவதன்று. பௌதிக விஞ்ஞானப் பிரிவினர்க்கும் உயிரியல் விஞ்ஞானப் பிரிவினர்க்கும் இரசாயனவியல் பொதுப்பாடம். அது முடியும்போது பலர்க்கு இன்னும் தாள்கள் எஞ்சியிருக்கும். "இரசாயனம் போய்விட்டது, இனி எழுதி என்ன பயன்?" என்று எஞ்சிய தாளுக்குச் செல்லாது இருந்துவிடும் பிள்ளைகளும் உளர். நகரத்துப் பிள்ளை அவ்வாறு சொன்னால் அதனை மறுத்துரைக்க அண்ணனோ மாமனோ அயல்வீட்டுப் பொறியியலாளரோ இருப்பர். தோட்டத்து லயத்தில் அப்பிள்ளையே அவ்வீட்டில் உயர்தரம் வரை வந்த முதற்பிள்ளையாயிருக்கும். "எல்லாம் பிழைத்துவிட்டது, அம்மா" என்று அது சொன்னால், கொழுந்துக்கூடையை இறக்கி வைத்த தாய் அதனை நம்புவதன்றி வேறென் செய்வாள்?

முதற்கண் தாள்களின் அமைப்பைக் காண்போம். முதலாம் தாளில் ஐந்தைந்து தெரிவுகளையுடைய 50 பல்தேர்வு வினாக்கள்; நேரம் 2 மணித்தியாலம். இரண்டாம் தாளுக்கு 3 மணித்தியாலம். அதில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கு. நான்குக்கும் விடையளித்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. அவற்றின்மேல், இரு பகுதிகளில் மும்மூன்றாக ஆறு கட்டுரை வினாக்கள். பகுதிக்கு இரண்டாக நான்கினைத் தெரிந்தெழுதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளி. ஆக இரண்டாம் தாளின் மொத்தம் 1000. இறுதிக் கணக்கில் இரு தாள்களும் சரிபாதியாய் அமைந்து 100 ஆகின்றன.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால் சில உண்மைகள் புலனாகும். பல்தேர்வு வினா ஒன்று பிழைத்தால் இறுதி நூற்றில் ஒரு புள்ளி போகும். இரண்டாம் தாளில் இருபது புள்ளிக்குரிய ஒரு கணக்கு அடியோடு பிழைத்தாலும் போவது ஒன்றே. அமைப்புக் கட்டுரை வினா ஒன்றை முழுவதும் வெறுமையாய் விட்டவனுக்கும் இறுதியில் இழப்பு ஐந்துதான். வாயிலில் நின்று தலையிற் கைவைக்கும் மாணவனைக் கேட்டால், அவன் ஐம்பது போனதாகக் கூறுவான்.

இன்னுமொன்று. இரண்டாம் தாளின் கட்டுரைப் பகுதிகளை மட்டுமே மண்டபத்தினின்றும் எடுத்துச் செல்லலாம் என்று வினாத்தாளிலேயே அச்சிட்டிருப்பர். அமைப்புக் கட்டுரைப் பகுதியிலோ வினாவின் கீழேயே விடையெழுதுவதால், வினாவும் விடையும் ஒருங்கே மேற்பார்வையாளர் கைக்குச் சென்றுவிடும். எனவே அப்பகுதியைப் பற்றி வாதிடுவோர் கையில் வினாவே இல்லை. ஒருவன் நினைவில் 25 என்றிருக்கும். மற்றவன் நினைவில் 20 என்றிருக்கும். வினா மாறவே விடையும் மாறும். இல்லாத வினாவுக்கு விடை ஒப்பிட்டு இரவெல்லாம் விழித்திருந்தோரை நாம் கண்டிருக்கின்றோம்.

இனி, கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். இஃது எவ்வாண்டுத் தாளினின்றும் எடுத்ததன்று, விளக்கத்துக்காக வகுத்துக்கொண்டது. சோடியமைதரொட்சைட்டுக் கரைசல் 25.0 கன சென்ரிமீற்றரை நடுநிலையாக்க, லீற்றருக்கு 0.10 மூல் செறிவுடைய கந்தகவமிலம் 20.0 கன சென்ரிமீற்றர் தேவைப்பட்டது. காரத்தின் செறிவு யாது? அளவியினின்றும் இறங்கிய அமிலம் 0.0020 மூல். கந்தகவமிலம் இரண்டு ஐதரசன் அயன்களைத் தருமாதலால், அதன் ஒரு மூலுக்குக் காரம் இரண்டு மூல் வேண்டும். ஆகவே காரம் 0.0040 மூல். அதனை 0.025 லீற்றரால் வகுக்க, லீற்றருக்கு 0.16 மூல் என விடை வரும். அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று எனக் கொண்டவனுக்கு 0.08 வரும்.

வாயிலில் 0.16உம் 0.08உம் சந்திக்கும்போது பின்னவன் தான் அனைத்தையும் இழந்ததாகக் கருதுகின்றான். புள்ளியிடும் திட்டமோ இறுதி எண்ணை மட்டும் பார்ப்பதன்று; படிகளைப் பார்ப்பது. தாக்கத்தின் சமன்பாட்டுக்கு ஒன்று, அமிலத்தின் மூலைக் கண்டதற்கு ஒன்று, விகிதத்துக்கு ஒன்று, வகுத்தலுக்கு ஒன்று, அலகுக்கு ஒன்று என்றவாறு புள்ளிகள் பிரிந்து நிற்கும். சமன்பாட்டைச் சரியாக எழுதி, அமிலத்தின் மூலையும் கண்டு, விகிதத்தில் மட்டும் வழுக்கியவன் முற்படிகளின் புள்ளிகளை இழப்பதில்லை. மறுபுறம், 0.16 என்று எழுதி அகமகிழ்ந்து போகின்றவன் அலகை விட்டிருந்தால் அவனுக்கும் குறைவு உண்டு. "அலகு போட்டாயா?" என்று வாயிலில் எவரும் கேட்பதில்லை.

றப்பர்த் தோட்டத்தில் பாலை உறையவைக்க அமிலம் அளந்து ஊற்றும் தகப்பனுக்கு அளவின் அருமை நன்கு தெரியும். அமிலம் மிகினும் குறையினும் ஷீட் கெடும். அவரிடம் மகன் "அமிலக் கணக்கு பிழைத்துவிட்டது" என்றால், முழுவதும் கெட்டதென்றே அவர் கொள்வார். பரீட்சைத் தாள் றப்பர்ப் பாலன்று. ஒரு துளி தவறியதால் முழுவதும் திரைந்துபோவதில்லை.

முதலாம் தாளில் நம் துறைக்குச் சற்றே நெருங்கிய செய்தியொன்று உண்டு. 31 முதல் 40 வரையுள்ள வினாக்களில் நான்கு கூற்றுகள் தரப்படும். முதலிரண்டும் மட்டும் சரியெனின் 1, நடுவிரண்டும் எனின் 2, கடையிரண்டும் எனின் 3, நான்காவதும் முதலாவதும் எனின் 4, வேறெவ்வகையாயினும் 5 என விடை குறித்தல் வேண்டும். 41 முதல் 50 வரை இரண்டு கூற்றுகள். இரண்டும் உண்மையாய், பின்னது முன்னதனைத் தகுந்தவாறு விளக்கினால் 1. இரண்டும் உண்மையாயினும் பின்னது முன்னதை விளக்காவிடின் 2. இலக்கண வகுப்பில் ஏதுப்பொருள் என்று நாம் கற்பிப்பதுதான் இங்கே இரசாயன உடையில் வந்து நிற்கின்றது. இரண்டு உண்மைகள் அடுத்தடுத்து நின்றமையால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. இவ்வினாக்களில் மாணவர் இழப்பவற்றுட் பெரும்பங்கு இரசாயனம் அறியாமையாலன்று, வாக்கியத்தை நின்று வாசியாமையால் என்பது நம் துணிபு. "உண்மையானது எது" என்றும் "உண்மையல்லாதது எது" என்றும் வரும் இரண்டுக்கும் இடையேயுள்ள ஓரிரண்டெழுத்தை விழுங்கிவிட்டு, பின்னர் ஆவர்த்தன அட்டவணையைப் பழிப்பது முறையன்று.

"முதலில் சரியாகத்தான் குறித்தேன், பிறகு மாற்றிக் கெடுத்துவிட்டேன்" என்னும் புலம்பலும் தவறாது எழும். இதனைச் சோதித்துப் பார்த்தோர் உளர். ஜஸ்டின் குரூகர், டெரிக் வர்ட்ஸ், டேல் மில்லர் என்னும் உளவியலார் மூவர், அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் மாணவர் எழுதிய 1,561 பல்தேர்வு விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணி 2005இல் வெளியிட்டனர். மாற்றங்களுள் நூற்றுக்கு 51 பிழையினின்றும் சரிக்குச் சென்றவை. 25 மட்டுமே சரியினின்றும் பிழைக்குச் சென்றவை. எஞ்சியவை பிழையினின்றும் வேறொரு பிழைக்குச் சென்றவை. மாற்றிப் பெற்றோரே மிகுதி. ஆயினும் மாற்றி இழந்ததே நெஞ்சில் நிலைத்து நிற்கின்றது. கைக்கு வந்து தவறியது என்னும் எண்ணம் அத்துணை வலியது. வாயிற் பேச்சும் அவ்வாறே. சரியாய் எழுதிய முப்பது வினாக்களை எவரும் எடுத்துப் பேசார். ஐயமுற்ற நான்கே மீண்டும் மீண்டும் வரும். அந்நான்கைக் கொண்டு முழுத் தாளையும் அளப்பது, உப்பு மிகுந்த ஒரு பிடியை உண்டு பந்தியையே பழிப்பதை ஒக்கும்.

அன்றிரவே கைத்தொலைபேசிகளில் விடைகள் உலவத் தொடங்கும். ஒரு வகுப்பாசிரியர் 3 என்பார். இன்னொருவர் 5 என்பார். இருவரும் கற்றவரே. திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டம் பின்னரே வெளிப்படும். வினாவிலேயே வழு உண்டெனத் துணியப்பட்டால், எவ்விடை குறித்தாலும் புள்ளி வழங்குதலும் நடந்திருக்கின்றது.

திருத்துவோரிடையே வேற்றுமை எழுதல் பழைய செய்தி. 1888இலேயே எட்ஜ்வொர்த் என்னும் புள்ளிவிவர அறிஞர், பரீட்சைப் புள்ளிகளில் தற்செயலுக்கு எவ்வளவு பங்குண்டு என்று கணக்கிட்டு எழுதினார். 1913இல் ஸ்டார்ச், எலியட் என்னும் அமெரிக்கர் இருவர், ஒரே கேத்திரகணித விடைத்தாளைப் படியெடுத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்க்கு அனுப்ப, ஒருவர் 28 இட்டார். வேறொருவர் 90க்கு மேல் இட்டார். பொதுத் திட்டமொன்றை வகுத்து, அதன்படியே யாவரும் புள்ளியிடல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு இத்தகைய வேறுபாட்டைக் குறைப்பதற்கே. பயின்ற திருத்துநரே தனித்திருந்தால் இவ்வளவு வேறுபடுவரெனில், வேம்படியில் நின்று திருத்தும் பதினெட்டு வயதினர் கணக்கை என்னென்பது?

நிற்க. பெரிய செய்திக்கு இன்னும் நாம் வரவில்லை. 75க்கு மேல் ஏ, 65க்கு மேல் பீ, 55க்கு மேல் சீ, 35க்கு மேல் எஸ் என்னும் எழுத்துகளைப் பற்றியே மாணவர் கவலுகின்றனர். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க மூன்று பாடங்களிலும் எஸ் சித்தியேனும் வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் வேண்டும். அதற்குமேல், எவர் உட்செல்வர் என்பதை முடிவு செய்வது எழுத்தன்று. 2001ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள இசட் புள்ளியே.

அதன் கணக்கு கடினமன்று. பாடத்துக்குத் தோற்றிய யாவரதும் புள்ளிகளின் சராசரியை ஒருவன் புள்ளியினின்றும் கழித்து, வந்ததை நியம விலகலால் வகுத்தல். நியம விலகலென்பது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு, அவற்றின் சராசரியைக் கொள்வர். விளக்கத்துக்காக எண்களை இட்டுப் பார்ப்போம். எளிதாய் அமைந்த ஓராண்டில் சராசரி 45, விலகல் 18 எனக் கொண்டால், 54 பெற்றவனின் இசட் புள்ளி 0.5. கடினமாய் அமைந்த ஓராண்டில் சராசரி 30, விலகல் 16 எனக் கொண்டால், 50 பெற்றவனின் இசட் புள்ளி 1.25. முன்னவனினும் நான்கு புள்ளி குறைவாய்ப் பெற்றவன் அவனினும் மிக முன்னே நிற்கின்றான். "தாள் மிகக் கடினம், எவனுக்கும் சரியாய் வரவில்லை" என்று வாயிலில் எல்லோரும் அழுதார்களாயின், அஃது ஒவ்வொருவனுக்கும் ஆறுதலாதல் வேண்டும். ஆனால் ஒவ்வொருவனும் அதனைத் தன் தனித் துயராகவே கொள்கின்றான்.

ஒரு புள்ளி சிறிதென்று நாம் சொல்லவரவில்லை. இசட் புள்ளி நான்கு தசம தானம் வரை கணிக்கப்படுகின்றது. வெட்டுப்புள்ளியின் ஓரத்தில் நிற்பவனுக்கு அந்த ஒன்றே வாயிற்கதவாகலாம். ஆயின் தான் ஓரத்தில் நிற்கின்றோமா என்பதை அன்று மாலை அறிய வழியில்லை. நாடெங்கும் எழுதிய அனைவரதும் புள்ளிகள் சேராமல் சராசரி பிறவாது.

இக்கணக்குகளைப் பெற்றோர் எளிதில் நம்பாமைக்கும் காரணம் உண்டு. 1970ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூலத்தார்க்கு 229 புள்ளியும் தமிழ் மொழிமூலத்தார்க்கு 250 புள்ளியும் வேண்டப்பட்டன. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. பழைய மாணவருள் மூத்தோர் அக்காலத்தின் கசப்பை அறிவர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ அன்று அக்கசப்புக்கும் இடமிருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. 1970களின் பிற்பாதியிலிருந்தே அரசு அவற்றைப் படிப்படியாய்ப் பொறுப்பேற்றது.

இசட் புள்ளியும் வழக்குக்குத் தப்பவில்லை. 2011ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தார், புதிய பாடத்திட்டத்தார் என இரு சாராரும் தோற்றினர். இருவகைத் தாளையும் ஒருங்கு சேர்த்துக் கணித்தமை பொருந்தாதென 2012 யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, இரு சாராரையும் வெவ்வேறு தொகுதியாகக் கொண்டு மீளக் கணிக்கப் பணித்தது. எக்கூட்டத்தின் சராசரியோடு ஒருவனை ஒப்பிடுகின்றோம் என்பதே இம்முறையின் உயிர்நிலை என்பதை அவ்வழக்கு நாடறியச் செய்தது. வாயிலில் நால்வரோடு ஒப்பிடுபவன் நால்வரின் சராசரியைக் காண்கின்றான், அவ்வளவே.

நம் பகுதிக்கு உரிய கணக்கொன்றும் உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடம் வரை நாடளாவிய திறமை வரிசைப்படியும், 55 வரை மாவட்டங்களின் மக்கட்டொகைக்கேற்பவும், 5 வரை கல்வியிற் பின்தங்கியனவாய்க் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. இரத்தினபுரி அப்பதினாறனுள் ஒன்று, கேகாலை அன்று. எல்லையின் இருமருங்கும் ஒரே மழை, ஒரே றப்பர், ஒரே லயம். கணக்கில் மட்டும் வேறு. மேலும், இவ்வொதுக்கீடு மொழியையோ தோட்டத்தையோ பார்ப்பதன்று. ஆய்வுகூடமும் ஆசிரியரும் நிறைந்த நகரக் கல்லூரிப் பிள்ளையும், மலையிறங்கி இரண்டு பேருந்து மாறி வரும் பிள்ளையும் மாவட்டத்தின் ஒரே வரிசையில் எண்ணப்படுகின்றனர். தமிழில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் சப்பிரகமுவையில் மிகச் சிலவே என்பதை நாம் சொல்லித்தான் அறிதல் வேண்டுமென்பதில்லை. அதனாலேயே, அவ்வகுப்பு வரை வந்து சேர்ந்த பிள்ளை ஒரு மாலைப் பேச்சினால் எஞ்சிய தாளைக் கைவிடுதல் எமக்குப் பொறுக்க முடியாததாய்த் தோன்றுகின்றது.

கைவிட்டவனுக்கு நேர்வது யாது? மூன்று பாடங்களில் ஒன்றுக்குத் தோற்றாதவனுக்குச் சராசரி காண மூன்று எண்கள் இல்லை. இரசாயனத்தில் எஸ் பெற்று, மற்றை இரண்டில் உயர்ந்தெழுந்து உட்சென்றோர் உளர். எழுதாத தாளினால் உட்சென்றவர் எவருமிலர். உயர்தரத்துக்கு மும்முறை தோற்றலாம் என்பது உண்மையே. ஆயினும் மறுமுறை என்பது இன்னோராண்டு வகுப்புக் கட்டணம், இன்னோராண்டு பேருந்துக் கட்டணம், இன்னோராண்டு "இவன் இனி வேலைக்குப் போகலாமே" என்னும் அயலார் சொல். தோட்டத்தில் அம்மூன்றையும் தாங்கும் வீடுகள் அரியன.

2024 நவம்பர் இறுதியிற் பெருமழையால் உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆந் திகதி மீளத் தொடங்கியது. வெள்ளமும் மண்சரிவும் கண்ட நம் மாவட்டங்களில் இத்தகைய இடைவெளி புதிதன்று. எழுதிய தாளை எண்ணிக்கொண்டிருப்பதற்கு அந்நாள்கள் போதியவை. எழுதவேண்டிய தாளைப் படிப்பதற்கும் அதே நாள்கள்தாம் உள்ளன.

செய்யத்தக்கது எளிது. இரசாயனத் தாள் எழுதியவர் வெளியே வந்ததும், கையிலுள்ள வினாத்தாளைத் தாம் குறித்த விடைகளோடு ஓர் உறையிலிட்டு விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம். இறுதித் தாள் முடிந்த மறுநாள் ஆசிரியர் அவற்றை வெளியே எடுத்து, கரும்பலகையில் ஒவ்வொன்றாய் எழுதி ஒப்பிட்டுக் காட்டலாம். அன்றைய ஒப்பீடு இளைய வகுப்பினர்க்கும் பயன்படும். அவர்களையும் அமரச்செய்தல் நன்று. அதுவரை, அருகிலுள்ள தோட்டங்களில் வாழும் பழைய மாணவர் அப்பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒருமுறை சென்று, மேற்காட்டிய புள்ளிக் கணக்கைத் தாய் தந்தையர்க்குத் தாளில் எழுதிக் காட்டலாம். பெறுபேறு வந்தபின் விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. அதற்குரிய காலவெல்லை குறுகியது. அவ்வறிவித்தலைப் பார்த்து உரிய வேளையில் பிள்ளைக்குச் சொல்லும் பொறுப்பையும் அவர்களே ஏற்றுக்கொள்ளலாம்.